ஊர், பேர், தொகை

எண்பது பக்க நோட்டு, நாலு மூலையிலும் மஞ்சள்,
பேனா இரண்டு, ஒன்று எப்படியும் களவு போகும்.
கோடு கிழித்தால் மூன்று பத்தி:
ஊர். பேர். தொகை.
கொண்டலாம்பட்டியிலிருந்து ஓமலூர் வரை
எந்த மண்டபத்தில் மேளம் கேட்டாலும்
வாசல் மேசையில் நான் இருப்பேன்.
இருபத்திரண்டு வருஷமாய்
கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவன்.

பூங்கோதை கல்யாணத்தில்தான் வேலையில்லை என்றார்கள்.
பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தது:
மொய் வேண்டாம், பரிசு வேண்டாம்.
மனசு வந்தால்
கன்னங்குறிச்சிக் காப்பகத்து நாய்களுக்கு.

மேசை இருந்தது, நாற்காலி இருந்தது.
நோட்டு இருக்கும் இடத்தில்
மூடியில் பிளவு போட்ட ஜவ்வரிசி டின்.
"சும்மா உக்காருங்க தனபாலண்ணே,
தெரிஞ்ச மொகம் இருந்தா
சனங்களுக்குத் தைரியமா இருக்கும்."

முதலில் வந்தவர் ஓமலூர் பச்சமுத்து.
டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இவங்கப்பன் எம்மவ கல்யாணத்துக்கு
ஆயிரத்தொண்ணு வெச்சான்.
நான் திருப்பி வெக்க வேண்டாமா?
நாய்க்குப் போட்டா கணக்குல வருமா?
நாளைக்கு எம்பேரன் காதுகுத்துக்கு
நாயா வந்து செய்யும்?"

நியாயமான கேள்வி.
ஐம்பது ரூபாய் குறைந்ததில்
அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியதற்கு
இந்த நோட்டுதான் சாட்சி.
வைத்தது திரும்பி வரும்வரை
வைத்தவனும் தூங்கமாட்டான்,
வாங்கியவனும்.

மாலையோடு எழுந்து வந்தாள் பூங்கோதை,
மணவறைப் புகையில் கண் சிவந்து.
"அக்கா கல்யாணத்துக்கு வந்த
செவுத்துக் கடிகாரம் மட்டும் பதினாலு மாமா.
பரண்மேல கெடக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டிக்கிட்டு.
அங்க எழுபத்தாறு வாயி இருக்கு,
அரிசி தீந்தாச்சு."

பழக்க தோஷம். பையில் நோட்டு இருந்தது.
எடுத்து விரித்துக் கோடு போட்டேன்.
"நாய்ங்க பேரைச் சொல்லும்மா."

"பேரு ஏதுண்ணே?
எடுத்த எடத்தையே வெச்சுக் கூப்புடறோம்.
அஞ்சுரோடு, லாரியில பின்னங்கால் போனது.
செவ்வாய்பேட்டை, வெள்ளிப்பட்டறை திராவகத்துல
முதுகு வெந்தது.
குரங்குச்சாவடி, அது பூனை.
பதினேழாம் வளைவு…"

நிறுத்தினாள்.

"ஏற்காட்டுப் பாதையில
யாரோ கார்ல கொண்டாந்து எறக்கி உட்டது.
இப்பவும் வெள்ளைக் கார் சத்தம் கேட்டா
கேட்டுக்கு ஓடும்."

எத்தனை ஆயிரம் வரி எழுதியிருப்பேன்,
ஊர் மட்டும் இருந்து
பேர் இல்லாத ஒரு வரி எழுதியதில்லை.

பச்சமுத்து மூக்கைச் சொறிந்தார்.
"என் காசு அந்த வளைவு நாய்க்கே போவட்டும்.
அது திருப்பிச் செய்யாதில்ல?"
"செய்யாது."
"நானும் அதுக்கு மறுபடி செய்ய வேண்டியதில்ல?"
"தோணுனா செய்யலாம்."
"அப்ப யாருக்கும் யாரும் பாக்கியில்ல."

நோட்டை மடித்துப் பிளவில் நுழைத்தார்,
மேலே அந்த ஒரு ரூபாயும். டின் ஒலித்தது.
கடன் தீர்ந்தவன் நடையோடு
பந்திக்குப் போனார். இரண்டாம் முறை
பாயசம் கேட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு வரிசை நின்றது.
சிலர் முணுமுணுத்தார்கள்.
ஒருவர் டின்னுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்,
காசு போடாமல்.
பரவாயில்லை, எல்லா மண்டபத்திலும் அவர் உண்டு.

மொய் எழுதுகிறவன் மொய் வைப்பதில்லை.
தேங்காய், பழம், இருநூறு ரூபாய், அதுதான் கூலி.
அன்று மூடியை ஒட்டும் முன்
அந்த இருநூறை உள்ளே விட்டேன்.
கடைசி வரியில்
ஊர் எழுதினேன்: கொண்டலாம்பட்டி.
பேர் எழுதவில்லை.

உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் சொல்லுங்கள்.
ரவுண்டானா டீக்கடையில் கேட்டால் என்னைக் காட்டுவார்கள்.
மேசை, நாற்காலி, காலி டின் போதும்.
பேனா நான் கொண்டு வருகிறேன்,
இரண்டு.